பேயைப் பார்த்தவரின் பெயர்

மாலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது கேட்டில் தொங்கிய மஞ்சள் துணிப்பை.

உள்ளே சாயங்காலப் பால், இலையில் சுற்றிய பூ, கூரியரில் வந்த ஓர் உறை. சாரல் விழுந்து உறையின் ஒரு மூலை ஊறியிருந்தது. கேட்டுக்குப் பூட்டு இல்லை. கொண்டிகூடப் போடவில்லை. கேட்டிலிருந்து வீட்டுப் படிவரை சிமெண்டுப் பாதை, இரண்டு பக்கமும் நந்தியாவட்டை. பால்காரர், பூக்காரர், கூரியர்காரர் யாரும் அந்தப் பாதையில் கால் வைப்பதில்லை. பையில் போட்டுவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

“வாங்க தம்பி. அந்தப் பையையும் கையோட எடுத்துட்டு வாங்க. எனக்கு ஒரு நடை மிச்சம்” என்று மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

உலகம்மாள் மதினியின் குரல். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மூத்தவனான நடராஜனின் மனைவி. அந்த ஒரு வகுப்பு வித்தியாசத்தால்தான் எனக்கு மதினி ஆனார். மதுரையில் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். நடராஜன் போன பிறகு மதுரை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்று அவர் என்னை அழைத்தது ஒரு சினிமா பார்க்க.

“பேயை எல்லாருமா உக்காந்து ஒரு தடவ பாத்துருவோம் தம்பி” என்று போனில் சொல்லியிருந்தார்.

சீசன் வீடு

வீட்டைக் கட்டியவர் நடராஜனின் தாத்தா. தென்காசியில் வயல், தோப்பு, கோயில் கட்டளை என்று இருந்த குடும்பம். சீசனுக்குக் குடும்பத்தோடு வந்து, அருவியில் குளித்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்க ஒரு மாடி வீடு. சீசன் முடிந்தால் பூட்டிவிடுவார்கள். வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இரண்டு தரப்பார் ஆசைப்படுவார்கள். ஒன்று வௌவால். இன்னொன்று சினிமா கம்பெனி.

நாற்பது வருடத்துக்குக் குறையாது. ஒரு கம்பெனி இந்த வீட்டை வாடகைக்கு எடுத்துப் பேய்ப் படம் எடுத்தது. பயமும் வேண்டும், சிரிப்பும் வேண்டும் என்று எடுத்த படம். படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடித்தவர்களுக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். பெயரில் ‘பங்களா’ உண்டு, இறுதியில் ஆச்சரியக்குறி உண்டு. அது போதும்.

படம் தென்காசியில் ஓடிய வேகத்தில் ஊரை விட்டே ஓடிவிட்டது. பேய் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

சினிமா எடுக்க வந்த இடத்தில் ஒருவர் நிஜப் பேயையே பார்த்துவிட்டார் என்பது பேச்சு. மேல்மாடி அறை. வெள்ளைச் சேலை. கையில் விளக்கு. நம்மைப் பார்த்ததும் அது வாயைத் திறந்து அலறும். ஐந்தருவி சாலையில் கேட்டாலும் குத்துக்கல்வலசையில் கேட்டாலும் இந்த விவரங்கள் மாறுவதில்லை.

மதினிக்குப் பேய் பற்றிக் கவலை இல்லை. அவர் கவலை வேறு. பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். இரவில் துணைக்கு ஓர் ஆள் தங்கினால் அம்மா அந்த வீட்டில் இருக்கலாம். சீசன் முடிவதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு பெங்களூருக்கு வந்துவிட வேண்டும்.

“அவன் சொல்லுததும் ஞாயந்தான். மழைக்காலத்துல இங்கன வழுக்கி விழுந்தா எடுத்துவிட நாதி வேணும்லா. ஆனா அங்க எட்டாவது மாடியில போயி எந்தச் சத்தத்தக் கேட்டுட்டு உக்காந்திருக்க? இங்கன ராத்திரி அருவிச் சத்தம் கேக்குது தம்பி” என்றார் மதினி.

ஆள் இல்லாமல் இல்லை. சமையலுக்குக் குத்துக்கல்வலசையிலிருந்து செண்பகம் வருகிறார். நாற்பதைத் தாண்டியவர். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார், வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். இரவும் தங்கலாம், சம்பளம் கூடும், அவருக்கும் ஆசைதான். ஆனால் விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிடுவார்.

“எனக்கு ஒண்ணும் பயமில்ல ஆச்சி. வலசைல எல்லாரும் கேக்குதாவ, ‘அங்கனயா தங்கப் போற’ன்னு. அப்படிக் கேக்கும்போதுதான் பயமா இருக்கு.”

மூன்று விவரம் கேட்ட ஆசிரியர்

சென்ற வாரம் குற்றாலத்தில் நான் பகுதி நேர நிருபராக இருந்த காலத்தை எழுதியிருந்தேன். அருவி, வெள்ளம், குரங்கு எல்லாம் வந்தது, பேய் வரவில்லையே என்று அச்சன்புதூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அந்த நாளில் பேய்ச் செய்தி மாதம் ஒன்றாவது என் காதுக்கு வரும். அனுப்பலாமா என்று திருநெல்வேலி அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டேன். செய்தி ஆசிரியர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுவது போனிலேயே தெரியும்.

“பேயைப் பாத்தவன் பேரு, வயசு, ஊரு. மூணும் இருந்தா அனுப்பும்வே. இல்லேன்னா அருவில தண்ணி எம்புட்டு விழுதுன்னு அனுப்பும்.”

மூன்றும் ஒருநாளும் கிடைக்கவில்லை. ‘எங்க மச்சான் கூட்டாளி பாத்தான்’ என்பார்கள். மச்சானைப் பிடித்தால் கூட்டாளிக்கு ஒரு கூட்டாளி இருப்பான். நான் தண்ணீரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்த வீட்டுப் பேய் மட்டும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. வாய் மாறி வாய் போகும் செய்தியில் விவரம் கூடும், குறையும். இதில் எதுவும் கூடவில்லை, குறையவில்லை. அப்படியானால் சொன்னவர் ஒருவராக இருக்க வேண்டும், அவர் நிஜமாகவே எதையோ பார்த்திருக்க வேண்டும். தவிர, எங்கள் பக்கத்துப் பேய்கள் மனிதரை அலற வைக்கும், தாமே அலறுவதில்லை. விளக்கும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. இருட்டில் அவற்றுக்கு வழி தெரியும்.

வெயில் பிடிக்கிறவர்கள்

பேய்ப் படத்துக்கு வருவதற்கு முன் அந்தக் காலத்து சிறிய கம்பெனிகள் பற்றி ஒரு வார்த்தை.

குற்றாலத்துக்குப் படம் எடுக்க இரண்டு வகைக் கம்பெனிகள் வரும். ஒரு வகை நல்ல விடுதியில் தங்கும், லாரியில் ஜெனரேட்டர் வரும். இன்னொரு வகை படம் எடுக்கிற வீட்டிலேயே தங்கி, அதே வீட்டுப் புழக்கடையில் உலை வைத்து, சோறு வடித்த கையோடு கேமராவைத் தூக்கும். இவர்களுக்கு விளக்கு வாடகை கட்டுப்படியாகாது. வெயிலை நம்புவார்கள். வெள்ளித்தாள் ஒட்டிய பலகையால் வெயிலை முகத்தில் அடிப்பார்கள். அறைக்குள் எடுக்கிற காட்சி என்றால் ஜன்னலோரம் பெரிய கண்ணாடியை நிறுத்தி வெயிலை உள்ளே திருப்புவார்கள். பக்கத்து சலூனிலிருந்து கண்ணாடியை இரவல் வாங்கிப் போன கம்பெனியை நானே பார்த்திருக்கிறேன். அன்று அந்த சலூனில் யாருக்கும் மீசை ஒதுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சீசனில்தான் அருவியில் தண்ணீர் இருக்கும். சீசனில்தான் வெயில் இருக்காது. அருவியும் வேண்டும், வெயிலும் வேண்டும் என்று வந்த கம்பெனிகள் வானத்தைப் பார்த்தபடி கைக்காசைக் கரைத்துவிட்டுப் போயின. நம் கம்பெனியும் அதில் ஒன்று.

அந்தப் படத்தைச் சமீபத்தில் யாரோ யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். பழைய படங்களைக் கேலி செய்து பிழைக்கும் இளைஞர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பினார்கள். பிறகு சனி ஞாயிறுகளில் கேட்டுக்கு வெளியே நின்று வீட்டைப் படம் பிடித்தார்கள். ஓய்ந்திருந்த பேச்சு மறுபடி கிளம்பியது. உள்ளே வந்து பால் ஊற்றிக்கொண்டிருந்த பால்காரர் இசக்கி, பையைக் கேட்டில் மாட்டச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

யாராக இருந்தாலும் அந்தப் படத்தை மறைக்கப் பார்த்திருப்பார்கள். மதினி முழுப் படத்தையும் தேடி எடுத்தார். தனியாக உட்கார்ந்து பார்த்தார். மறுநாளே அச்சன்புதூரில் கல்யாணங்களுக்குத் திரை கட்டுகிற பாஸ்கருக்குப் போன் செய்தார்.

பஜ்ஜியோடு ஒரு பயங்கரம்

பட்டாசல் என்று நாங்கள் சொல்லும் நடுக்கூடத்தில் வெள்ளைத் திரை. முன்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். அக்கம்பக்கத்தார், இசக்கி குடும்பம், எதிர்த்த விடுதி மேலாளர், செண்பகத்தோடு வலசையிலிருந்து சில பெண்கள். பட்டப்பகல் போல எல்லா விளக்கும் எரிந்தாலும் யாரும் படிக்கட்டுப் பக்கத்து நாற்காலிகளில் உட்காரவில்லை. சமையலறையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வாசனை.

வாசலை ஒட்டிய நாற்காலியில் ஒருவர், மடியில் குடையோடு. நடராஜனின் சித்தப்பா மகன் சங்கரலிங்கம். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கிறார். கேரளாவுக்குப் போகும் லாரிகளை ஒரே அதட்டலில் கிளப்புகிற குரல், அதற்கு ஏற்ற உடம்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காரைக் கேட்டுக்கு வெளியே, தலை ஊரைப் பார்த்திருக்கும்படி நிறுத்தியிருந்தார்.

வீட்டை விற்றுவிடச் சொல்பவர்களில் முதல் ஆள் அவர்தான்.

“மதினி, நான் காசுக்காகச் சொல்லல. எனக்கு ஒரு பங்கும் வேண்டாம். இது குடியிருக்கிற வீடு இல்ல. சொன்னாக் கேளுங்க.”

“படத்தப் பாத்துட்டுப் பேசுவோம் சங்கரு.”

“அத என்னத்தப் பாக்க? இருட்டுததுக்குள்ள நான் போவணும்.”

பாஸ்கர் விளக்கை அணைத்தார். படம் ஓடியது.

கலர்ப் படம்தான். இத்தனை வருடத்தில் எல்லாம் வெளிறி ரோஸாகிவிட்டது. மாமா சொத்துக்காகக் கதாநாயகனும் இரண்டு நண்பர்களும் பேய் பங்களாவில் தங்க வேண்டும் என்பது கதை. இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து நீலம் பூசியிருந்தார்கள். சுவர்க்கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் சைக்கிளில் டீத்தூக்குக் கொண்டு போகிறார்.

“பன்னெண்டு மணிக்கு எவன்லே டீ குடிக்கான்?” என்றார் இசக்கி. முதல் சிரிப்பு அங்கே கிளம்பியது.

எலும்புக்கூடு நடந்து வந்தது. மேலே கயிறு தெரிந்தது. கயிற்றைப் பிடித்தவரின் முழங்கையும் தெரிந்தது. வில்லன் மண்டையோட்டின் முன்னால் பூஜை போடுகிறான். மரத்திலிருந்து இறங்கிய ஒரு குரங்கு படையலில் இருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு போகிறது. அவன் வாய் குரங்கைப் பார்த்து ஏதோ சொல்கிறது. பின்னால் சேர்த்த குரல் ‘ஹா ஹா ஹா’ என்கிறது.

அருவிக்கரையில் காதல் பாட்டு. கதாநாயகி குளிரில் பல் கிட்டச் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால் குளிக்க வந்த ஒருவர், சோப்புப் போடுவதை நிறுத்திவிட்டுக் கேமராவையே பார்க்கிறார். பாட்டு முடிகிறவரை நுரையோடு நிற்கிறார்.

“எங்க பெரியப்பா மாதிரி இருக்கு” என்றார் ஒரு பெண்.

“நுரையோட நின்னா எல்லாரும் பெரியப்பா மாதிரிதாம்ட்டி இருப்பாவ.”

நான் படத்தைவிட நாற்காலிகளைத்தான் கவனித்தேன். முதலில் விறைத்து உட்கார்ந்திருந்தவர்கள் சாய்ந்துவிட்டார்கள். சிலர் எழுந்து போய்ப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அங்கிருந்து திரை நன்றாகத் தெரியும்.

சங்கரலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. பஜ்ஜித் தட்டை வாங்கினார், சாப்பிடவில்லை.

இடது கால்

பேய் வந்தது.

வெள்ளைச் சேலை, முகத்தை மறைத்த முடி. இதே வீட்டுப் படிக்கட்டில், இப்போது இசக்கியின் மனைவி உட்கார்ந்திருந்த அதே படியில், மெல்ல இறங்கி வந்தது. தரைக்கு வந்ததும் சேலை காலைத் தடுக்கியது.

எங்கள் பக்கத்து ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டக் குனிவதில்லை. குதிகாலால் பின்பக்கம் விளிம்பை ஓர் எத்து எத்துவார்கள். விளிம்பு மேலே வரும், கை அதைக் காற்றிலேயே பிடித்துக்கொள்ளும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கொட்டாவி மாதிரி தானாக வரும்.

பேய் குதிகாலால் சேலையை எத்தியது. விளிம்பைக் கையில் பிடித்தது. மடித்துக் கட்டப் போய், ஞாபகம் வந்து, விட்டுவிட்டது.

“ஏலே! பேயி ஆம்பளைலே!” என்று இசக்கி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

கூடம் அதிர்ந்தது. மதினி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏற்கெனவே பார்த்த காட்சிதான், அப்படியும் சிரித்தார்.

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற செண்பகம், “பாஸ்கரண்ணே, அத இன்னொருக்காப் போடுங்க” என்றார்.

பாஸ்கர் போட்டார்.

“எடது காலுல்லா? எங்க ஊட்டுல அவுக இருந்தவரைக்கும் வலது கால்லதான் எத்துவாவ.”

ஆண்கள் சிலர் உட்கார்ந்தபடியே தங்கள் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் வலது.

சங்கரலிங்கம் எழுந்தார். “மதினி, இருட்டுது. நான் பொறப்படுதேன்.”

வெளியே சாரல் வலுத்திருந்தது. வாசற்படிக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தார். குதிகாலால் வேட்டியை எத்தி விளிம்பைப் பிடித்தார்.

“அண்ணாச்சி” என்றார் செண்பகம். “அத இன்னொருக்காச் செய்யுங்க.”

பாஸ்கர் படத்தை நிறுத்தினார். எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. சங்கரலிங்கம் கையில் பிடித்திருந்த வேட்டி விளிம்பைப் பார்த்தார். பிறகு தன் இடது காலைப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

“சங்கரு, உள்ள வா. பஜ்ஜி ஆறுது” என்றார் மதினி.

புளியங்குடிக்கு ஓடியவர்

அவர் வந்து உட்கார்ந்தார். குடையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். லாரி கிளப்புகிற குரல் எங்கோ போயிருந்தது.

“ஆமா. நாந்தான்.”

கம்பெனி படம் எடுத்தபோது வீட்டைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்திலிருந்து அனுப்பப்பட்டவர் அவர். அப்போது மெலிந்த வாலிபன். பேய் வேடத்துக்கு வந்த பெண் சாரலில் காய்ச்சல் கண்டு ஊருக்குப் போய்விட்டார். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். சேலை கட்டினால் பொருந்துகிற உடம்பு இவருக்குத்தான் இருந்தது.

“மூஞ்சி தெரியாதுன்னாவ. ரெண்டு வெரசான ஷாட்டுன்னாவ. வீட்டுல தெரிஞ்சா கொன்னுருவாவன்னு யார்ட்டயும் சொல்லல. கல்யாணம் முடிஞ்சும் சொல்லல.”

“சரி, வேசம் கட்டுனதுக்கா இவ்வளவு வருசம் இந்தப் பக்கமே வராம இருந்த?” என்று மதினி கேட்டார்.

“அதுக்கில்ல மதினி. நான் நெசமாவே பாத்தேன்.”

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மெதுவாக இறங்கி நாற்காலிகளுக்கு வந்தார்கள்.

“மேல ரூமுல. சன்னல எல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தாவ. கேமரா வெளிய இருந்துச்சு. நான் மட்டும் கதவத் தொறந்துட்டு உள்ள போவணும். போனேன். எதுத்தாப்புல நிக்குது மதினி. வெள்ளச் சேலை, விரிச்ச முடி, கையில வெளக்கு. நான் கத்துனேன். அதுவும் கத்துச்சு.”

“அதுவும் கத்துச்சா?”

“சத்தம் கேக்கல. வாயத் தொறந்துச்சு.”

“கையில வெளக்கு இருந்துச்சுல்லா?”

“ஆமா.”

“ஓங் கையில என்ன இருந்துச்சு?”

“அரிக்கேன் வெளக்கு. அவன் குடுத்தது.” சொல்லிவிட்டு ஒரு விநாடி நின்றார். ஆனால் அவர் மனம் இன்னும் அந்த அறையில்தான் இருந்தது. “போட்டுட்டு ஓடியாந்துட்டேன். பக்கத்து வீட்டுல ஒரு வேட்டிய வாங்கிக் கட்டிட்டு, பஸ் ஏறி, நேரா புளியங்குடி மாமா கடைக்கிப் போயிட்டேன். அங்கயே தங்கிட்டேன்.”

கம்பெனியும் காசு தீர்ந்து அந்த வாரமே மூட்டை கட்டியது. அவருக்கு எதையும் எடுத்துச் சொல்ல அங்கே யாரும் மிஞ்சவில்லை. புளியங்குடியில் நெருங்கிய ஓரிருவரிடம் பேயைச் சொன்னார். சேலையைச் சொல்லவில்லை. மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

மதினி ஒன்றும் விளக்கவில்லை. “பாஸ்கரு, மிச்சத்தப் போடுப்பா” என்றார்.

பயந்த முகம்

அடுத்த காட்சி அதுதான்.

பேய் அரிக்கேன் விளக்கோடு மாடி நடையில் போகிறது. கதவைத் தள்ளுகிறது. முழுப் படத்திலும் அழகாக எடுத்த காட்சி அது ஒன்றுதான், அதுவும் தற்செயலாக. திறந்த கதவு வழியே அறை தெரிகிறது. உள்ளே இருட்டில் இன்னொரு விளக்கு. இன்னொரு வெள்ளைச் சேலை. பேய் வாயைப் பிளக்கிறது. முடி விலகி, முதல் முறையாக முகம் தெரிகிறது. மீசை அரும்பிய, பவுடர் அப்பிய, பயந்து வெளிறிய முகம். விளக்கு விழுகிறது, பேய் கேமராவை இடித்துக்கொண்டு ஓடுகிறது, கூரை ஆடுகிறது. இயக்குநர் இதையும் வெட்டவில்லை. பின்னால் ஊதலும் மத்தளமும் சேர்த்து, நகைச்சுவை நடிகர் வேறு எங்கோ உட்கார்ந்து சிரிப்பதை ஒட்டியிருந்தார்.

“நிறுத்து. கொஞ்சம் பின்னால போ. அங்கன” என்றார் மதினி.

பாஸ்கர் நிறுத்திய இடத்தில் இரண்டு பேய்கள் எதிரெதிரே நின்றன. உள்ளே நின்ற பேயைச் சுற்றி மரச் சட்டம் இருந்தது. சட்டத்தின் உச்சியில் செதுக்கிய தாமரை மொட்டு.

கூடத்தில் முதலில் பேசியவர் செண்பகம். “ஆச்சி, இது நம்ம மாடியில நிக்கிற கண்ணாடி பீரோல்லா? நாந்தான தெனம் தூசி தட்டுதேன்.”

சங்கரலிங்கம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அவர் நிழல் திரையில் விழுந்தது. “இது கீழ, பெரியப்பா ரூமுல கெடந்த பீரோ. மாடியில எப்படி வந்துச்சு?”

“வெளக்குக்குக் காசில்லாம, முந்தி எடுத்த பகல் காட்சிக்கு வெயில உள்ள திருப்ப சினிமாக்காரன் தூக்கி வச்சிருக்கான்” என்றேன். வெயில் பிடிக்கிற வித்தை தெரிந்தவன் அந்தக் கூடத்தில் நான்தான். “அப்ப நீங்க கீழ பவுடர் போட்டுட்டு இருந்திருப்பிய.”

“மறுபடி எறக்க ஆள் இல்ல” என்றார் மதினி. “அன்னையிலேருந்து அங்கனதான் நிக்கி. ஓங்க அண்ணன் அதப் பாத்துதான் சவரம் பண்ணுவாவ.”

சங்கரலிங்கம் திரையை விட்டுத் திரும்பினார். படிக்கட்டைப் பார்த்தார். பிறகு குடையை நாற்காலியில் வைத்துவிட்டு ஏறினார். அவருக்குப் பின்னால் மதினி, பிறகு செண்பகம் கரண்டியோடு, பிறகு மொத்தக் கூட்டமும்.

அறையில் செண்பகம் விளக்கைப் போட்டார். ஈட்டி மரத்தில் ஆள் உயரக் கண்ணாடி. ஓரத்தில் ரசம் கொஞ்சம் உரிந்திருந்தது. சங்கரலிங்கம் அதன் முன்னால் போய் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நெடுநேரம் பார்த்தார்.

“இப்பப் பாத்தாலும் பயமாத்தான் இருக்கு மதினி” என்றார்.

இசக்கிதான் முதலில் சிரித்தார். பிறகு சங்கரலிங்கமே சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணாடியில் இருந்தவரோடு சேர்ந்து.

படத்தின் மீதியைப் பார்க்க எல்லோரும் கீழே வந்தோம். மீதி அதிகம் இல்லை. மாமா சொத்து கிடைக்கப் போகிற நேரத்தில் ‘வணக்கம்’ என்று போட்டுவிட்டார்கள். பஜ்ஜி இன்னொரு ஈடு வந்தது. சங்கரலிங்கம் படிக்கட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். வெளியே இருட்டியிருந்தது. காரைப் பற்றி அவர் பேசவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அண்ணாச்சி, பேரு போட்டுக்கிடலாமா?” என்று கேட்டேன்.

“பேரு போட்டுக்கிடுங்க. ஊரு போட்டுக்கிடுங்க. வயசு மட்டும் வேண்டாம்.”

ஆக, சங்கரலிங்கம், புளியங்குடி. என் ஆசிரியர் இதற்கும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

கிளம்பும்போது மதினி செண்பகத்திடம் கேட்டார். “ஏட்டி, நீ என்ன சொல்லுத?”

“பாப்பம் ஆச்சி. மொதல்ல வலசைல போயி இந்தக் கதையச் சொல்லணும்.”

கேட்டில் பை

அடுத்த வாரம் ஐந்தருவியில் குளிக்கக் காலையிலேயே போனேன். கூட்டம் சேரும் முன் குளித்துவிடுவது பழக்கம். திரும்பும் வழியில் வண்டியை அந்த வீட்டு முன்னால் நிறுத்தினேன். அப்போதுதான் விடிந்திருந்தது.

கேட்டில் பை இல்லை. சிமெண்டுப் பாதையில் ஈரச் செருப்புத் தடங்கள் படிவரை போய்த் திரும்பியிருந்தன.

மதினி சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் மஞ்சள் பை தொங்கியது. உள்ளே புளியங்குடி எலுமிச்சம்பழம்.

“காப்பியா, எலுமிச்சைச் சாறா?” என்று கேட்டார்.

காப்பி என்றேன். மாடியில் ஏதோ சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தேன்.

செண்பகம் கண்ணாடி பீரோவின் முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தார்.